எதிரி எங்கே? நடுவருக்கு மட்டுமே தெரியும்!

சதுரங்கத்தில் எதிராளியின் காய்கள் எல்லாம் நம் கண்ணெதிரே இருக்கும். பிரஷ்ய இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் விதிமுறைகளோடு வெளியிட்ட ‘கிரீக்ஸ்பீல்’ அப்படியல்ல. எதிரியின் பார்வையில் படக்கூடிய படைகளை மட்டுமே நடுவர் வரைபடத்தில் வைப்பார். மற்றவை எங்கே இருக்கின்றன என்பது அவருக்கு மட்டுமே தெரியும். கட்டளைகளை அவரிடம்தான் தர வேண்டும். ஒரு சுற்று, போர்க்களத்தின் இரண்டு நிமிடம். சேதத்தைப் பகடை சொல்லும்.

1806இல் யேனாவில் நெப்போலியனிடம் சிதறிப்போன நாடு பிரஷ்யா. இரண்டே வாரத்தில் தலைநகர் பெர்லினும் பறிபோனது. அந்த அடி வாங்கிய இராணுவம் இப்படியொரு பயிற்சியை ஏற்றதில் வியப்பில்லை.

என்னைக் கேட்டால், இந்த ஆட்டத்துக்கு 1815 ஜூனைவிடப் பொருத்தமான களம் கிடையாது. 16ஆம் தேதி லினியில் பிரஷ்யர்கள் தோற்றார்கள். அவர்களின் தளபதி ப்ளூஷர், 72 வயதுக்காரர், விழுந்த குதிரைக்கு அடியில் சிக்கி மயிரிழையில் தப்பினார். மறுநாள் அவர்களைத் துரத்த, சுமார் 33,000 வீரர்களுடன் மார்ஷல் குரூஷியை நெப்போலியன் அனுப்பினார்.

இப்போது நீங்கள்தான் குரூஷி. எதிரி பின்வாங்குகிறான். தாயகம் நோக்கிக் கிழக்கே போகிறானா, வெலிங்டனின் படையோடு சேர வடக்கே திரும்புகிறானா? அரைகுறைத் தகவல்தான் கையில் இருக்கிறது. 18ஆம் தேதி நண்பகல், மேற்கே பீரங்கிச் சத்தம். சத்தம் வரும் திசைக்கே போகலாம் என்கிறார் உங்கள் தளபதி ஜெரார். இடப்பட்ட கட்டளையோ பிரஷ்யர்களைத் துரத்தச் சொல்கிறது. என்ன செய்வீர்கள்? உண்மையான குரூஷி கட்டளையைப் பிடித்துக்கொண்டார். வாவ்ரில் பின்காப்புப் படையோடு அவர் மோதிக்கொண்டிருக்க, மற்ற பிரஷ்யர்கள் வாட்டர்லூவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வரலாறு தெரிந்த நாம் அவரைக் குறை சொல்வது சுலபம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தெரியும்.

இந்த ஆட்டத்தை இராணுவம் முழுவதற்கும் பரிந்துரைத்தவர் தலைமைப் பணியகத் தலைவர் முஃப்லிங். அரைமனதோடு பார்க்க வந்து, பார்த்ததும் மனம் மாறியவர். வாட்டர்லூவில் வெலிங்டனுடன் நின்று, தம் படை எப்போது வரும் என்று காத்திருந்த பிரஷ்யத் தொடர்பு அதிகாரியும் இவரேதான்!

ரைஸ்விட்ஸுக்கு அந்தப் புகழ் நிலைக்கவில்லை. பெர்லினிலிருந்து டோர்காவ் நகருக்கு மாற்றப்பட்டார். 1827இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.