முசாலாவில் இன்னும் ஜூன் வரவில்லை

ஜூன் முதல் வாரம். பல்கேரியாவின் தலைநகர் சோபியாவில் நல்ல வெயில். போரோவெத்ஸ் ஊரிலிருந்து கேபிள் காரில் 2369 மீட்டர் உயரத்துக்கு ஏறி, ரீலா மலைத்தொடரின் உச்சியான முசாலாவை நோக்கி நடப்பவர்களில் பலரும் சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூதான் போட்டிருப்பார்கள். பாதை அகலம், சரிவும் அதிகமில்லை. ஆனால் 2709 மீட்டரில் உள்ள பனி ஏரியைத் தாண்டியதும் பாதையின் மேல் போன மாதத்துப் பனி மூடிக் கிடக்கலாம். நிழல் விழும் சரிவு அது. பகலில் இளகிய பனி இரவில் இறுகி, காலையில் கண்ணாடிபோல் பளபளக்கும். கால் வைத்தவர் சறுக்கினால், கீழே உள்ள பாறைக் குவியலில்தான் போய் நிற்பார்.

காலண்டரில் கோடை வந்த தேதி மலைக்குப் பொருந்தாது. 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குளிர் கூடும். சோபியா ஏறத்தாழ 550 மீட்டரிலும் முசாலா 2925 மீட்டரிலும் இருக்கின்றன. நகரத்தில் 28 டிகிரி என்றால் உச்சியில் 14 டிகிரிதான். காற்று வீசினால் உடம்புக்கு அதுவும் தெரியாது. பால்கன் தீபகற்பத்திலேயே உயரமான சிகரம் இது. ரீலாவிலும் பிரின் மலையிலும் 2000 மீட்டருக்கு மேல் ஜூன் கடைசி வரைகூட பனித்திட்டுகள் இருக்கும். எனவே பயணத் தேதியை முடிவு செய்யும் முன் நகரத்து வானிலையைப் பார்த்தால் போதாது. போகிற பாதையில் உள்ள மலை விடுதியில் விசாரியுங்கள். இந்த விடுதிகளை அங்கே 'ஹிஜா' என்பார்கள். எந்தச் சரிவில் பனி கிடக்கிறது என்பது விடுதிக்காரருக்குத் தெரியும் அளவுக்கு எந்தச் செயலிக்கும் தெரியாது.

ஜூலையும் ஆகஸ்டும் வந்துவிட்டால் பனி பயம் குறையும், இடி பயம் கூடும். காலையில் தெளிவாக இருக்கும் வானம் மதியத்துக்குள் கருத்துவிடும். பிரின் மலையின் கொன்செட்டோ முகட்டை நினைத்துப் பாருங்கள். 'குதிரைக்குட்டி' என்று அதற்குப் பெயர். குதிரைமேல் உட்காருவதுபோல் இரு பக்கமும் கால் போட்டு நகர்ந்தார்களாம். சில இடங்களில் அரை மீட்டர்தான் அகலம், இரு பக்கமும் பள்ளம். கைப்பிடிக்கு இரும்புக் கம்பி வடம் கட்டியிருக்கிறார்கள். விழாமல் காக்கும் அந்த வடமே மின்னல் நேரத்தில் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே நண்பகலுக்கு முன்பே முகட்டைக் கடந்துவிடும்படி விடியற்காலையில் கிளம்ப வேண்டும். கிளம்பும்போதே 'இத்தனை மணிக்குள் இந்த இடத்தை எட்டாவிட்டால் திரும்புவோம்' என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து, அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது எடுக்கும் முடிவை நம்பவே கூடாது. இன்னொன்று, இங்கே முகடு முழுக்க பளிங்குப் பாறை. மழைநீரும் பனிநீரும் உள்ளே இறங்கிவிடும், வழியில் ஊற்று கிடைக்காது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் அடிவாரத்திலிருந்தே சுமந்தாக வேண்டும்.

செப்டம்பர் மாதத்தையும் அக்டோபர் தொடக்கத்தையும்தான் நான் சொல்வேன். காற்று அடங்கியிருக்கும், ஏழு ரீலா ஏரிகளில் ஆகஸ்ட் மாதக் கூட்டமும் இருக்காது. பகல் மட்டும் வேகமாகக் குறைந்துகொண்டே வரும். நவம்பர் கடைசியில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் தலையில் மாட்டும் டார்ச் எப்போதும் பையில் இருக்கட்டும்.

குளிர்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பழக்கமில்லாதவர்கள் வழிகாட்டி இல்லாமல் உயரத்துக்குப் போகவே கூடாது. வித்தோஷா மலை சோபியாவை ஒட்டியே இருப்பதால் அது பூங்கா மாதிரித் தோன்றும். எழுத்தாளர் அலெக்கோ கொன்ஸ்தாந்தினோவ் 1895 ஆகஸ்டில் சுமார் 300 பேரை அழைத்துக்கொண்டு அதன் செர்னி வ்ராக் உச்சிக்கு ஏறியதிலிருந்துதான் அந்நாட்டில் மலைநடை மக்கள் பழக்கமானது. ஆனால் அந்த 2290 மீட்டர் உச்சியில் மூடுபனி இறங்கிவிட்டால் நீட்டிய கை தெரியாது. அதற்காகவே வித்தோஷாவிலும் ஸ்தாரா பிளானினா மலைத்தொடரின் போத்தெவ் சிகரப் பக்கத்திலும் பாதையோரம் வரிசையாகக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். ஒரு கம்பத்தில் நின்றால் அடுத்தது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒருவர் கம்பத்திலேயே நிற்க, மற்றவர் குரல் எட்டும் தூரத்துக்குள் மட்டும் தேட வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும்.

30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவில் பனிச்சரிவு ஆபத்து மிக அதிகம். புதைந்தவருக்கு முதல் 15 நிமிடங்கள்தான் உயிர். மீட்புக்குழு அதற்குள் வந்து சேராது, கூட வந்தவர்தான் தோண்டி எடுக்க வேண்டும். சமிக்ஞைக் கருவி, நீளக் குச்சி, மண்வாரி மூன்றும் ஆளுக்கு ஒன்று இல்லாத குழுவோடு போகாதீர்கள். வழிகாட்டியிடம் பதிவு அட்டையைக் கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

ஆபத்து வந்தால் 112. கட்டணம் இல்லை, உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் அழைப்பு போகும். அங்கிருந்து மலை மீட்புச் சேவைக்குத் தகவல் சொல்வார்கள். 1933-இல் தொடங்கிய இந்த அமைப்பு பல்கேரியச் செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர்ந்தது. எங்கே இருக்கிறீர்கள், எத்தனை பேர், என்ன காயம், வானிலை எப்படி என்று வரிசையாகச் சொல்லுங்கள். போன் பேட்டரியை மிச்சப்படுத்துங்கள். சிக்னலே இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் அல்லது டார்ச், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. மூன்று முறை பதில் வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று பொருள்.

அழைப்புக்குத்தான் காசில்லை. காப்பீடு இல்லாதவரிடம் மீட்புச் செலவைக் கேட்கலாம். 2025 ஜனவரி முதல் பல்கேரியா முழுமையாக ஷெங்கன் பகுதியில் சேர்ந்துவிட்டது. விசாவுக்காக நாம் எடுக்கும் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தொகையைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மலையேற்றம், சாகச விளையாட்டு, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் என்று விலக்குப் பட்டியல் இருக்கும்; தேடி மீட்கும் செலவு சேர்ந்திருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் வசிப்பவர்களின் ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டையும் மீட்புச் செலவைத் தராது. பல்கேரியாவிலேயே நாள்கணக்கில் மலைக் காப்பீடு கிடைக்கிறது. கிளம்பும் முன் வாங்கிவிடலாம்.

விபத்து நடந்தால் மீட்புக்குழுவின் பதிவு, மருத்துவமனை அறிக்கை, ரசீதுகள் எல்லாவற்றையும் ஊரை விட்டுப் புறப்படும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு வாங்குவது பெரும்பாடு. காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தகவல் சொல்லிவிடுங்கள். இந்தியாவில் எடுத்த பாலிசிக்கு நிறுவனம் பணம் தர மறுத்தால், முதலில் அவர்களுடைய குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் சரியாக இல்லாவிட்டாலோ ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனை நாடலாம். சென்னையிலும் அலுவலகம் உண்டு. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.