தினமும் ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா? ஊற்றி ஓட்டாதீர்கள், ஒழுக்கைக் கண்டுபிடியுங்கள்!

பிசானப் பட்டம் தொடங்கிவிட்டால் தாமிரபரணிப் பாசனத்தில் டிராக்டருக்கு ஓய்வு கிடையாது. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் என்று எங்கே தண்ணீர் வந்தாலும் எல்லா வயலிலும் ஒரே சமயத்தில் தொளி உழவு நடக்கும். அந்த நேரத்தில் ஒரு வண்டி நின்றால் வண்டிக்காரருக்கு மட்டும் நஷ்டமில்லை. நாற்றின் வயது கடந்துபோகும். நடவுக்குச் சொல்லிவைத்த ஆட்கள் அடுத்த வயலுக்குப் போய்விடுவார்கள்.

இந்த நேரத்தில் நம் வாசகர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “காலையில் ரேடியேட்டரை நிரப்பிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். சாயங்காலம் பார்த்தால் ஒரு லிட்டர் குறைகிறது. தினமும் ஊற்றி ஓட்டிவிடலாமா?”

ஓட்டக் கூடாது. இன்ஜினைச் சுற்றிவரும் தண்ணீர் மூடிய பாதையில் ஓடுகிறது. நல்ல நிலையில் உள்ள வண்டியில் அது தினமும் குறையாது. குறைந்தால் எங்கோ வழி இருக்கிறது. இன்றைக்கு ஒரு ஹோஸ் மாற்றினால் முடிகிற வேலை, வண்டி ஒருமுறை நன்றாகச் சூடேறிவிட்டால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுகிற வேலையாகிவிடும். கார், லோடு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

மூடியைத் தொடும் முன்

ரேடியேட்டர் மூடி வெறும் மூடியல்ல, அது அழுத்தத்தைக் காக்கும் வால்வு. பல மூடிகளில் 0.9 என்று அச்சிட்டிருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 118 டிகிரி வரை தாங்கும். சூடான வண்டியில் மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், உள்ளே இருக்கும் தண்ணீர் அந்த நொடியே ஆவியாகி முகத்தில் அடிக்கும். சாக்கை வைத்துத் திறப்பதும் பாதுகாப்பில்லை. இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

வெந்நீர் பட்டுவிட்டால் பட்ட இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பேஸ்ட், மாவு, மை எதுவும் பூச வேண்டாம். முகம், கண்ணில் பட்டிருந்தாலும் கொப்புளம் பெரிதாக இருந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

ஒழுக்கைத் தேடும் முறை

1. காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது அளவு பார்த்து நிரப்புங்கள். இரவில் வண்டியை நிறுத்தும்போது இன்ஜினுக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியை விரித்துவையுங்கள். ஈரம் எந்த இடத்தில் இருக்கிறதோ, அதற்கு நேர் மேலே தேடுங்கள்.

2. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் ஆறிய பிறகு கையால் அமுக்கிப் பாருங்கள். வெடிப்பு, உப்பல், கொழகொழப்பு இருந்தால் மாற்றுங்கள். கிளிப் மாட்டிய இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டியிருந்தால் அதுதான் ஒழுக்கு. கம்பி கட்டி இறுக்க வேண்டாம், திருகு வைத்த கிளிப் போடுங்கள்.

3. ஃபேனுக்குப் பின்னால் இருக்கும் வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அங்கே தண்ணீர் கசிந்தால் பம்பின் உள் சீல் போய்விட்டது என்று அர்த்தம். எச்சரிப்பதற்காகவே வைத்த துளை அது. எம்-சீல் வைத்து அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும்.

4. மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். கிழிந்தோ காய்ந்தோ இருந்தால் தண்ணீர் ஆவியாக வெளியேறிவிடும், கீழே ஒரு சொட்டும் தெரியாது. மற்ற பாகங்களைவிட விலை குறைந்தது மூடிதான். மாற்றும்போது அதே அழுத்த எண் உள்ளதாக வாங்குங்கள்.

5. எங்கும் ஈரமில்லை, ஆனாலும் குறைகிறது என்றால் பட்டறையில் பிரஷர் டெஸ்டர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூடியின் இடத்தில் மாட்டிக் கையால் காற்றடிக்கும் சிறு கருவி அது. முள் இறங்கினால் ஒழுக்கு உறுதி. எதையும் கழற்றும் முன் இந்தச் சோதனை நடக்கட்டும்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருப்பது, சூடேறிய பிறகும் புகைபோக்கியில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழி வருவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். “இந்த ஒரு வயலை மட்டும் முடித்துவிடுகிறேன்” என்று ஓட்ட வேண்டாம்.

வெப்பம் காட்டும் முள்ளை மட்டும் நம்பவும் முடியாது. தண்ணீர் முழுதாக வடிந்துவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும். இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் இறங்கிக் காட்டலாம்.

வயலில் ஆவி வந்தாலோ தண்ணீர் கொட்டினாலோ இன்ஜினை உடனே அணையுங்கள். ஒழுக்கில்லாமல் முள் மட்டும் ஏறினால் ரோட்டவேட்டரை விடுவித்து, சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கலாம். சூடான இன்ஜின் மேல் வாய்க்கால் தண்ணீரை ஊற்றக் கூடாது, வார்ப்பு இரும்பு விரிசல் விடும்.

தண்ணீர் முழுதாக இருந்தும் சூடேறினால்

தொளியில் தெறிக்கும் சேறும், அறுவடைக் காலத்து வைக்கோல் தூசியும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் அப்பிக்கொண்டால் காற்று போகாது. தினமும் வேலை முடிந்து ஆறிய பிறகு, ஃபேன் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

உள்ளே அடைப்பதும் உண்டு. சொட்டுநீர்க் குழாயில் உப்புப் படிந்து துளை அடைவதைப் பார்த்திருப்பீர்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டர் குழாயிலும் அதுவே நடக்கும். ராதாபுரம், திசையன்விளை பக்கம் போர்வெல் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதற்காகச் சொட்டுநீருக்கு விடுவதுபோல ஆசிட் விடாதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி கலந்து ஊற்றுவது பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் எழுதியிருக்கும் அளவே இறுதியானது.

கூலன்ட் ஒரு விஷம்

கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். அதனால் நாய், கன்று, ஆடு நக்கிக் குடித்துவிடும். 10 கிலோ எடையுள்ள நாய் சாக, கலக்காத கூலன்ட் கால் டம்ளர் போதும். முதலில் போதை ஏறியதுபோலத் தள்ளாடும், பிறகு சிறுநீரகம் கெடும். தெரிந்த உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. குழந்தை குடித்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

வடித்த கூலன்ட்டை வாய்க்காலில் விடாதீர்கள். மூடியுள்ள கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள். மீந்ததைக் கலர் பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைப்பது கூடவே கூடாது.

வாசகர் கேட்டவை

*ஒழுக்கை அடைக்க மஞ்சள்தூள் போடலாமா?*
சிறு ஓட்டையைச் சற்று நேரம் அடைக்கும். அதே தூள் நல்ல குழாய்களையும் அடைக்கும். பித்தளை ரேடியேட்டர் என்றால் ஈயப் பற்று வைத்துச் சரிசெய்யலாம். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டருக்கு அந்தப் பற்று நிற்காது, பாகத்தை மாற்றுவதே வழி.

*காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது. கூலன்ட்டா?*
ஏ.சி. போட்டு ஓட்டிய பிறகு நிறமும் வாசனையும் வழவழப்பும் இல்லாத தண்ணீர் சொட்டினால் அது ஏ.சி. தண்ணீர், பயமில்லை. நிறமும் இனிப்பு வாசனையும் இருந்தால் கூலன்ட். காருக்குள் இனிப்பு வாசனை வந்து கால்மிதி நனைந்திருந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது.

*பச்சைக் கூலன்ட்டில் சிவப்பைக் கலக்கலாமா?*
வேண்டாம். நிறத்தை வைத்து வகையைச் சொல்ல முடியாது. வகை தெரியாவிட்டால் முழுதும் வடித்துக் கழுவி, ஒரே வகையை நிரப்புங்கள்.

*வண்டி பட்டறைக்குப் போய்விட்டால் உழவுக்கு என்ன செய்வது?*
வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரை உழவன் செயலி வழியாக வாடகைக்குப் பதிவு செய்யலாம். பட்டம் நெருங்கும்போது கேட்பவர்கள் அதிகம் இருப்பார்கள். ஆகவே ஒழுக்கு தெரிந்த அன்றே பதிவு செய்துவிட்டு, பிறகு வண்டியைப் பட்டறையில் விடுங்கள்.