புலியை எண்ணிய பொறியாளர்

கர்நாடகத்தின் நாகரஹொளெக் காட்டுப் பாதையின் இரு ஓரத்திலும் எதிரெதிராக இரண்டு கேமராக்கள் பொருத்தியிருப்பார்கள். நடுவே புலி கடந்தால் இரண்டும் படமெடுக்கும். ஒன்று போதாதா? போதாது. புலியின் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருப்பதுமில்லை.

இந்த வரிகளை வைத்துப் புலிகளைக் கணக்கிடும் முறையை 1990களில் அங்கே உருவாக்கியவர் உல்லாஸ் காரந்த். கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தின் மகன். சூரத்கல்லில் இயந்திரப் பொறியியல் படித்து, வேலை பார்த்து, விவசாயமும் செய்துவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்குக் காட்டுயிரியல் படிக்கப் போனவர்.

அப்போது நாடெங்கும் காலடித் தடத்தை வைத்துத்தான் கணக்கு. ஒரே புலியின் தடம் ஈரமண்ணில் ஒரு மாதிரி விழும், புழுதியில் வேறு மாதிரி. பாறையில் விழவே விழாது. இது அளவீடே அல்ல என்று காரந்த் சொல்லிக்கொண்டே இருந்தார். அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஏட்டில் புலிகள் இருந்தன. 2005இல் தேடியபோது காட்டில் ஒன்றுகூட இல்லை.

காரந்தும் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜேம்ஸ் நிக்கல்ஸும் கையாண்ட கணக்கின் அடிப்படை எளிது. முதல் சுற்றில் 20 புலிகள் படத்தில் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சுற்றிலும் 20. அவற்றில் 10 ஏற்கெனவே பார்த்தவை. முதலில் பார்த்த இருபதில் பாதிதான் மறுபடி சிக்கியது என்றால், கேமரா ஒரு சுற்றில் பாதிப் புலிகளைத்தான் பிடிக்கிறது. ஆக, காட்டில் சுமார் 40 புலிகள். எல்லாப் புலிகளையும் பார்த்தாக வேண்டியதில்லை. எத்தனை தப்புகின்றன என்று தெரிந்தால் போதும். கேமரா பக்கமே வராத புலி, எல்லை தாண்டிப் போகும் புலி என்று நிஜத்தில் சிக்கல்கள் கூடும். அதற்கேற்பக் கணிதமும் கடினமாகும்.

அவர் இரையையும் எண்ணினார். என் பார்வையில் இதுதான் பெரிய பங்களிப்பு. ஒரு புலி ஆண்டுக்கு 50 மான் அளவிலான விலங்குகளைத் தின்னும். இரைக்கூட்டத்தில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருந்தால்தான் மீதி பெருகி ஈடுகட்டும். எனவே ஒரு புலிக்குப் பின்னால் 500 விலங்குகள் வேண்டும். புள்ளிமானும் கடமானும் வேட்டையில் தீர்ந்துபோன காட்டில், யாரும் சுடாமலே புலி இல்லாமல் போகும்.

2006 முதல் தேசியக் கணக்கெடுப்பிலும் கேமரா வந்துவிட்டது. அதன் கணிதத்தோடும் காரந்த் சண்டை போட்டார். 2022 கணக்கெடுப்பு 3,682 புலிகள் என்றது; அது சராசரி, 3,167 முதல் 3,925 வரை இருக்கலாம் என்பதே முழு விடை. அடுத்த முறை நாளிதழில் ஒற்றை எண்ணைப் பார்த்தால், அந்த இரு எல்லைகளையும் தேடிப் படியுங்கள்.