அட்சதை விழும்போது படம் உடைவது ஏன்?

கடலூரை அடுத்த திருவந்திபுரம். முகூர்த்த நாள் வந்தால் தேவநாத சுவாமி கோவிலில் திருமணத்துக்கு மேல் திருமணம். கெட்டிமேளம் முழங்குகிறது. மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். நாலா பக்கமும் இருந்து அட்சதையும் பூவும் பறக்கின்றன.

பிறகு வீட்டில் வீடியோவைப் போட்டுப் பார்க்கிறார்கள். மணமக்கள் மணையில் அமர்ந்திருக்கும் காட்சி பளிச்சென்று இருக்கிறது. தாலி கட்டும் நேரத்தில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது!

பெரும்பாலும் இது கேமராவின் குற்றம் அல்ல. பங்கீட்டின் குற்றம்.

சிலையும் நடனமும்

வீடியோ என்பது வினாடிக்கு 25 அல்லது 30 படங்கள். எல்லாவற்றையும் முழுதாகச் சேமித்தால் இடம் போதாது. ஆகவே, முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ, பெரும்பாலும் அதையே கருவி குறித்துக் கொள்கிறது. இந்தக் குறிப்பை அளப்பது 'பிட்' கணக்கில். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட்.

சிதம்பரம் நடராசர் கோவில் கோபுர வாயில்களில் 108 கரணச் சிற்பங்கள் உள்ளன. கேமராவை அசையாமல் வைத்து ஒரு சிற்பத்தை எடுத்தால், கொஞ்சம் பிட் போதும். அதே ஊரில் 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. அங்கே ஒரு பெண் ஆடுவதை எடுத்தால்? கை, கால், சலங்கை, சேலை மடிப்பு எல்லாமே மாறும். பிட் ஏராளமாக வேண்டும்.

இரண்டு பங்கீடு

எல்லா வினாடிக்கும் ஒரே அளவு கொடுப்பது நிலையான பங்கீடு. தொழிலில் 'சி.பி.ஆர்.' என்பார்கள். 1993-ல் வந்த வி.சி.டி. இந்த வகை. படத்துக்கு வினாடிக்குச் சுமார் 11.5 லட்சம் பிட். பால் குடிக்கும் குழந்தைக்கும் ஏர் உழுகிறவருக்கும் ஒரே அளவு சோறு! சிலைக்கு மீதியாகும், நடனத்துக்குப் போதாது.

தேவைக்குத் தக்கபடி கொடுப்பது மாறும் பங்கீடு. இது 'வி.பி.ஆர்.' 1996-ல் வந்த டி.வி.டி. இதற்கு இடம் தந்தது. படத்துக்கு வினாடிக்கு 98 லட்சம் பிட் வரை செலவிடலாம். ஆனால் அப்படியே செலவிட்டால், 470 கோடி பைட் கொள்ளும் தட்டு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தீர்ந்துவிடும். இரண்டு மணி நேரத் திருமணத்துக்குச் சராசரி 50 லட்சம்தான் கிடைக்கும். அதனால் கருவி முழுப் படத்தையும் முதலில் ஒருமுறை பார்த்துவிடும். இரண்டாவது முறை, அமைதியான காட்சியில் மிச்சம் பிடித்து, அட்சதைக்கு அள்ளிக் கொடுக்கும்.

ஏரியும் குழாயும்

அப்படியானால் நிலையான பங்கீடு வேண்டாமா? வேண்டும்!

வீராணம் ஏரி மதகை வயலின் தேவைக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம். அதே ஏரியிலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குழாயில் குடிநீர் போகிறது. குழாய் கொள்ளும் அளவுக்கு மேல் ஒரு சொட்டும் போகாது.

நேரடி ஒளிபரப்பும் அப்படித்தான். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், தங்கை கல்யாணத்தை அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். அட்சதை விழும்போது பிட் திடீரென்று பெருகினால், இணைய வழி அடைத்துக் கொள்ளும். தாலி கட்டும்போது படம் நின்றுவிடும்! அதைவிட, சற்று மங்கினாலும் ஓடுகிற படமே மேல்.

ஆகவே, வைத்துப் பார்க்க மாறும் பங்கீடு. நேரடியாக அனுப்ப நிலையான பங்கீடு. இரண்டும் வேண்டுமானால் இரண்டு விதமாகவும் செய்து தரும்படி வீடியோ எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூலப் பதிவையும் கேட்டு வாங்கி வைப்பது நல்லது. படம் சரியில்லை என்பதற்காக மறுபடி முகூர்த்தம் வைக்க முடியுமா?