குறைவது கொழுப்பா, தசையா?

மூன்று வாரத்தில் ஆறு கிலோ குறைத்துவிட்டதாக யாராவது சொன்னால், சுற்றியிருப்பவர்கள் கேட்பது "எப்படி?" என்றுதான். "குறைந்தது என்ன?" என்று கேட்பவர் அரிது. சோற்றை அடியோடு நிறுத்தியவருக்கு முதல் வாரத்தில் மளமளவென்று இறங்கும் எடையில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சேமிப்பில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு கரையும்போது தண்ணீரும் போய்விடும். இரண்டு நாள் வழக்கம்போல் சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். அப்படிச் சாப்பிடாமல் அரைப்பட்டினியைத் தொடர்ந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையத் தொடங்கும். கவலைப்பட வேண்டியது அந்தக் கட்டத்தில்தான்.

ஒல்லி உடம்பிலும் கொழுப்பு

2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக். மற்றவர் லண்டனின் ஜான் யட்கின். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) ஒன்றே: 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு இருவருமே ஒல்லி.

நம் உடல்வாகு இதுதான். ஒரே எடையில் ஐரோப்பியரைவிட நமக்குக் கொழுப்பு அதிகம், தசை குறைவு. அந்தக் கொழுப்பும் பெரும்பாலும் வயிற்றில் சேர்கிறது. அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23ஐத் தொட்டாலே கூடுதல் எடை, 25 என்றால் பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. கையிருப்பில் உள்ள தசையே குறைவாக இருக்கும்போது, பட்டினி கிடந்து அதையும் இழப்பது நமக்கு இரட்டை நஷ்டம்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேர் கூடுதல் எடை அல்லது பருமன் உள்ளவர்கள். அதே ஆய்வில், அதே வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பருமனும் சத்துக்குறைவும் ஒரே உடம்பில் குடியிருக்க முடியும். அப்படிப்பட்ட ஒரு பெண்ணிடம் "சாப்பாட்டைக் குறை" என்று மட்டும் சொல்லி அனுப்புவது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

பட்டினி கிடந்தால் உடம்பு என்ன செய்யும்?

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். எல்லோரும் விரும்பி வந்தவர்கள். 24 வாரங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி உணவு: உருளைக்கிழங்கு, ரொட்டி, டர்னிப், மக்ரோனி. நம் ஊரில் பல டயட் அட்டவணைகள் இதைவிடக் குறைவாகத் தருகின்றன என்பதைக் கவனியுங்கள். அந்த இளைஞர்கள் வாரம் 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டியிருந்தது. எடை கால்பங்கு குறைந்தது. கூடவே உடல் தன் அடிப்படைச் செலவை ஏறக்குறைய 40 சதவீதம் சுருக்கிக்கொண்டது. இதயத் துடிப்பு மந்தமானது, கோடையிலும் குளிரெடுத்தது, எதிலும் நாட்டமில்லாமல் போனது, கண்ணை மூடினால் சாப்பாட்டு நினைப்பு. பிறகு வயிறாரச் சாப்பிடக் கிடைத்தபோது முதலில் திரும்பி வந்தது கொழுப்பு. தசை மெதுவாகத்தான் வந்தது.

வருமானம் பாதியானால் குடும்பம் செலவைச் சுருக்குவதைப் போன்றதுதான் இது. உழைக்காமல் சும்மா படுத்திருந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் மூளைக்கும் ஆகும் செலவுதான் நம் அன்றாடக் கலோரியில் 60 முதல் 70 சதவீதம். உடம்பு அதிலும் கை வைக்கிறது. எடைக்குறைப்பு டிவி போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் பரிசோதித்து 2016இல் வெளியிட்டார்கள். பெரும்பாலோர் குறைத்த எடையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களது உடலின் ஓய்வுநிலைச் செலவோ, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே நீடித்தது.

"முப்பதைத் தாண்டினால் மெட்டபாலிசம் படுத்துவிடும்" என்ற பேச்சையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டோரிடம் எடுத்த அளவீடுகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வு, உடல் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்தால் 20 முதல் 60 வயதுவரை அது ஏறக்குறைய மாறாமல் இருப்பதாகக் காட்டியது. இடையில் நாம் தசையை இழக்கிறோம், நடமாட்டத்தைக் குறைக்கிறோம். பழியை வயதின் மேல் போடுகிறோம்.

ஒரு நாள் தட்டை எண்ணிப் பார்ப்போம்

அறுபது கிலோ எடையுள்ள, சைவம் சாப்பிடும் இல்லத்தரசி ஒருவரின் நாளை எடுத்துக்கொள்ளலாம். காலையில் மூன்று இட்லி, சட்னி, ஒரு கரண்டி சாம்பார்: சுமார் 8 கிராம் புரதம். இரண்டு வேளைக் காபியில் இருக்கும் பாலில் 6. மதியம் சோறு, தெளிவான சாம்பார், ரசம், பொரியல், கொஞ்சம் மோர் எல்லாம் சேர்த்து 14. இரவு இரண்டு தோசையில் 7. கூட்டினால் 35 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், இவருக்கு 50 கிராம் வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட நாளிலேயே 15 கிராம் பற்றாக்குறை. கிடைப்பதிலும் பெரும்பங்கு அரிசிப் புரதம். அதில் லைசின் என்ற அமினோ அமிலம் போதுமான அளவில் கிடையாது.

இவர்தான் ஒரு நாள் "ராத்திரி சாப்பாட்டை நிறுத்திட்டேன்" என்கிறார். இப்போது 28 கிராம். மூன்று மாதத்தில் எடை குறையத்தான் செய்யும். கூடவே முடி கொட்டும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும். அப்புறம் ஒரு விசேஷமோ ஊர்ப் பயணமோ வந்து பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால், எடை முன்பைவிட வேகமாக ஏறும்.

எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது

முதலில் கூட்டிவிட்டுப் பிறகு குறையுங்கள். வேளைக்கு 15 கிராம் புரதமாவது வர வேண்டும். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 12 கிராம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6, நூறு கிராம் மத்தி மீனில் 20, ஒரு கிண்ணம் தயிரில் 6. சாம்பாரை மேலாக மொள்ளாமல் அடியிலிருந்து பருப்போடு அள்ளுவதுகூட மாற்றம்தான். இரவுத் தோசைக்குப் பதில் அரிசியும் பருப்புகளும் சரிபாதியாக அரைத்த அடையோ, பாசிப்பயறு தோசையோ சாப்பிடலாம். அரிசியில் குறையும் லைசினைப் பருப்பு ஈடுகட்டும். தவிர, புரதத்தைச் செரிக்கவே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடுகிறது. மாவுச்சத்துக்கு அது 5 முதல் 10 சதவீதம்தான். பசியும் சீக்கிரம் எடுக்காது.

முருங்கைக்கீரையோ பயறோ சாப்பிடும்போது எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அது கெட்டுப்போகும்; ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

குறைக்க வேண்டியது முதலில் எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்து, வாங்கும்போதே அளந்து வாங்குவது நல்லது. அடுத்தது சர்க்கரையும் மாலை நேர மிக்சர், முறுக்கு, பிஸ்கட்டும். மூன்றாவதுதான் சோறு. அதை விடவே வேண்டியதில்லை. கூட்டும் பொரியலும் தட்டில் பாதி இடத்தைப் பிடித்தால் சோறு தானாகக் குறையும். சிறுதானியம் நல்லதுதான், நார்ச்சத்தும் உண்டு. ஆனால் சமைக்காத அளவில் பார்த்தால் தினையும் வரகும் கலோரியில் அரிசிக்குக் கிட்டத்தட்டச் சமம். தினைப் பொங்கலில் நெய்யை ஊற்றி இரண்டு தட்டு சாப்பிட்டால் எடை ஏறத்தான் செய்யும்.

தசைக்கு வேலை கொடுங்கள்

நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, சர்க்கரையைக் கட்டுப்படுத்தும். தசையைக் காக்க அது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சியோடு, வாரம் இரண்டு நாளாவது தசை வலுப்பயிற்சியும் செய்யச் சொல்கிறது. இதற்கு ஜிம் கட்டாயமில்லை. நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால், முழங்கால் ஒத்துழைத்தால் தோப்புக்கரணம், இரு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். கடைசி இரண்டு மூன்று முறை சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லையென்றால் எண்ணிக்கையையோ எடையையோ கூட்டுங்கள்.

தூக்கமும் கணக்கில் வரும்

சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. பத்துப் பேருக்கு 14 நாள் கலோரி குறைந்த உணவைக் கொடுத்து, ஒருமுறை எட்டரை மணி நேரமும் இன்னொருமுறை ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். இரண்டு முறையும் எடை சுமார் மூன்று கிலோ குறைந்தது. நன்றாகத் தூங்கியபோது அதில் கொழுப்பு 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான். மீதி பெரும்பாலும் தசை உள்ளிட்ட மெலிந்த திசு. சாப்பாடு அதேதான். பத்தரை மணிக்குக் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுவது எடைக்குறைப்பில் சேர்த்திதான்.

எவ்வளவு வேகம்? யாருக்கு எச்சரிக்கை?

வாரம் அரைக் கிலோ போதும். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருப்பதால், சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் தொடக்கத்தில் அந்த வேகம் கிடைக்கும். வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்தால் போதும். மாதம் ஒருமுறை டேப்பால் இடுப்பைச் சுற்றி அளந்து எழுதி வையுங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஒரு வேளையைக்கூடத் தவிர்க்கக் கூடாது. சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் கேட்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எடைக்குறைப்பைத் தள்ளிப்போடலாம். எடை குறைக்க வாரம் ஒருமுறை போடும் புதிய ஊசிகளைப் பயன்படுத்துவோருக்குப் பசியே எடுக்காததால் தசையிழப்பும் சேர்ந்து வரும். அவர்களுக்குத்தான் புரதமும் வலுப்பயிற்சியும் இன்னும் அவசியம். மாதவிடாய் நின்றாலோ, கொத்துக்கொத்தாக முடி கொட்டினாலோ, எழுந்து நின்றதும் தலைசுற்றினாலோ, முயற்சி எதுவும் செய்யாமலே எடை இறங்கினாலோ டயட்டை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பரிசோதித்த பிறகு அடுத்ததை முடிவு செய்யலாம்.