தலைச்சுற்றுக்குக் குளிசை: எத்தனை நாட்களுக்கு?

வாழைச்சேனையிலும் அதனை அடுத்துள்ள ஓட்டமாவடி, மீராவோடை, பிறைந்துறைச்சேனை, கல்குடா ஆகிய ஊர்களிலும் தலைச்சுற்று என்பது தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே அறிந்த உபாதையாகும். காலையில் பாயிலிருந்து எழும்போது வீடு சுழல்கிறது. குனிந்து அடுப்பைப் பார்த்து நிமிரும்போது நிலம் நழுவுகிறது. பித்தம் தலைக்கேறிவிட்டது என்பார் சிலர். பிரஷர் என்பார் வேறு சிலர். எவ்வாறாயினும் முடிவில் மருந்தகத்துக்குச் சென்று ஓர் அட்டை குளிசை வாங்குவதே வழக்கமாகிவிட்டது. வைத்தியர் ஐந்து நாட்களுக்கென எழுதிக் கொடுத்த குளிசையை, வெற்று அட்டையைக் காட்டியே ஆண்டுக்கணக்கில் வாங்கி விழுங்குவோரும் நம்மிடையே உளர்.

இப்பழக்கத்தினால் விளையும் தீங்கு இரு வகைப்பட்டது. எளிதில் தீர்க்கக்கூடிய நோய் தீர்க்கப்படாமலே கிடக்கின்றது என்பது ஒன்று. நீண்ட காலம் விழுங்கிய குளிசையே முதுமையில் புதியதொரு நோயைக் கொண்டுவருகின்றது என்பது மற்றையது. ஆகவே, இக்குளிசைகள் எதற்கானவை, எவ்வளவு காலத்துக்கானவை என்பதை நம் மக்கள் அறிந்திருப்பது அவசியமாகும்.

உட்காதும் சமநிலையும்

காது கேட்பதற்கு மட்டும் உரிய உறுப்பெனவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் உட்காதில் நம் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் அமைந்துள்ளது. மூன்று அரைவட்டக் குழாய்களுள் திரவம் நிரம்பியிருக்கின்றது. மேசன்மார் சுவரின் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் நீர்மட்டத்தைப் போன்று, தலை அசையுந்தோறும் அத்திரவம் அசைந்து, எத்திசையில் நாம் திரும்புகின்றோம் என்பதை மூளைக்கு அறிவிக்கின்றது. இரு காதுகளும் அனுப்பும் செய்தி ஒன்றுடன் ஒன்று ஒத்திருக்கும்வரை உலகம் அசையாது நிற்கும். ஒரு காதின் செய்தி பிழைத்தால் உலகம் சுழல்வதாகத் தோன்றும். கூடவே குமட்டலும் வாந்தியும் ஏற்படும்.

இவ்வுண்மை வெளிப்பட்டு வெகு காலமாகவில்லை. 1861 ஆம் ஆண்டில் பிரெஞ்சு வைத்தியரான புறொஸ்பர் மெனியர், தலைச்சுற்று காதிலிருந்தும் தோன்றலாம் என எடுத்துரைக்கும்வரை, அது மூளையில் இரத்தம் தேங்குவதால் வருவதென்றே ஐரோப்பிய வைத்தியர்கள் கருதி வந்தனர். பிற்காலத்தில் உட்காதின் சமநிலை உறுப்புப் பற்றிய ஆய்வுகளுக்காக ரொபர்ட் பாரானி என்ற வைத்தியருக்கு 1914 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒரே அறிகுறி, வெவ்வேறு நோய்கள்

தலைச்சுற்று என்பது ஓர் அறிகுறி மாத்திரமே. காய்ச்சல் என்பது டெங்குவாகவும் இருக்கலாம், சாதாரண தடிமலாகவும் இருக்கலாம். அதுபோலவே தலைச்சுற்றின் பின்னாலும் பல நோய்கள் மறைந்துள்ளன. உட்காதைப் பொறுத்தவரை முதன்மையானவை மூன்று.

முதலாவது, தலையின் நிலை மாறும்போது மட்டும் தோன்றும் சுழற்சி. உட்காதில் இயல்பாகவே இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் தம் இடத்தைவிட்டுப் பெயர்ந்து அரைவட்டக் குழாயினுள் விழுந்துவிடுவதே இதன் காரணம். படுக்கையில் புரளும்போதும், எழும்போதும், தென்னையின் வட்டை அண்ணாந்து பார்க்கும்போதும் சுழற்சி வந்து, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். காதுவழித் தலைச்சுற்றுகளுள் மிகப் பரவலாகக் காணப்படுவது இதுவேயாகும்.

இரண்டாவது, சமநிலை நரம்பின் அழற்சி. திடீரெனத் தொடங்கி, இரவு பகலாக நாட்கணக்கில் நீடிக்கும். நோயாளி எழுந்து நிற்கவும் இயலாது வாந்தியெடுப்பார். எனினும் காது கேட்பதில் குறைவிராது.

மூன்றாவது, மெனியரின் பெயரால் வழங்கும் நோய். சுழற்சி இருபது நிமிடம் முதல் சில மணி நேரம்வரை நீடிக்கும். காதில் இரைச்சலும் அடைப்பும் தோன்றும். கேட்கும் திறன் குறைந்தும் கூடியும் வரும். இவ்வாறான தாக்கங்கள் வாரங்கள் அல்லது மாதங்கள் இடைவிட்டுத் திரும்பத் திரும்ப வரும்.

எவ்வளவு நேரம் நீடிக்கின்றது, எப்போது வருகின்றது, காது கேட்பது குறைகின்றதா என்ற மூன்று வினாக்களுக்கும் தெளிவாக விடை கூறக்கூடிய நோயாளி, வைத்தியரின் பணியில் பாதியை முடித்துவிடுகிறார் எனலாம்.

குளிசைகள் செய்வதும் செய்யாததும்

நம் மருந்தகங்களில் தலைச்சுற்றுக்காக வழங்கப்படுவன பெரும்பாலும் மூன்று மருந்துகளே. புறோகுளோர்பெரசின், சின்னரிசின், பீற்றாஹிஸ்டின் என்பன அவற்றின் மூலப்பெயர்கள்.

புறோகுளோர்பெரசின் பலரும் ஸ்டெமெட்டில் என்ற வணிகப் பெயரால் அறிந்த மருந்து. கடும் சுழற்சியையும் வாந்தியையும் அடக்குவதில் வல்லது. நரம்பு அழற்சியால் துன்புறும் நோயாளிக்கு முதல் இரண்டு மூன்று நாட்களில் இது பேருதவி புரிகின்றது. ஆனால் அதற்குமேல் நீடித்தால் உதவி உபத்திரவமாக மாறும். காரணம் இதுதான்: ஒரு காதின் சமநிலை உறுப்புப் பழுதுற்றால், எஞ்சிய செய்திகளைக் கொண்டு சமநிலையைப் பேண மூளை தானாகவே கற்றுக்கொள்கின்றது. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து முதன்முறையாக ஆழ்கடலுக்குச் செல்லும் இளைஞன் முதல் நாட்களில் வாந்தியெடுத்துக் கிடக்கிறான். பின்னர் ஆடும் படகில் நின்றே வலை இழுக்கிறான். அவனது மூளை பழகிவிட்டது. தலைச்சுற்றுக் குளிசையோ சமநிலை உணர்வை மந்தப்படுத்துவது. அதனை நாளாந்தம் விழுங்கினால் மூளை பழகிக்கொள்ளும் வாய்ப்பு மங்கிவிடுகின்றது. இதனாற்றான், கடுமை தணிந்ததும் குளிசையை நிறுத்தி, தலையையும் கண்களையும் அசைக்கும் பயிற்சிகளைத் தொடங்குமாறு வைத்தியர்கள் அறிவுறுத்துகின்றனர். இப்பயிற்சிகளின் முன்னோடி முறை 1940களில் இங்கிலாந்தில் கோதோர்ன், குக்சி ஆகிய இருவரால் வகுக்கப்பட்டது.

சின்னரிசின் சுழற்சிக்கும் பிரயாண வாந்திக்கும் பயன்படுவது. பிரயாணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக எடுத்தால் பலன் தரும். இதன் குறைபாடு தூக்க மயக்கம். இதனை உட்கொண்டவர் மோட்டார் சைக்கிளோ முச்சக்கர வண்டியோ படகு இயந்திரமோ செலுத்துவது ஆபத்தானது.

இவ்விரு மருந்துகளுக்கும் பொதுவான தீங்கொன்று உண்டு. நீண்ட காலம் உட்கொள்ளும் முதியவர்களிடம் இவை கை நடுக்கம், உடல் விறைப்பு, நடை தளர்ச்சி, முகத்தில் உணர்ச்சியின்மை ஆகியவற்றைத் தோற்றுவிக்கக்கூடும். பார்ப்பதற்கு அது பார்க்கின்சன் நோயாகவே தோன்றும். "வாப்பாவுக்கு வயது போய்விட்டது", "அப்பாச்சிக்குக் கை நடுங்குகிறது" என்று வீட்டார் அதனை முதுமையின் கணக்கில் எழுதிவிடுகின்றனர். அந்நடுக்கம் மருந்தலுமாரியிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்ற எண்ணம் எவருக்கும் தோன்றுவதில்லை. வைத்தியரின் மேற்பார்வையில் குளிசையை நிறுத்தினால் பெரும்பாலோரிடம் அது படிப்படியாகக் குறையும். இளவயதினர் சிலரிடம் புறோகுளோர்பெரசின் கழுத்து, தாடை, கண்கள் திடீரெனக் கோணி இழுத்துக்கொள்ளும் நிலையை உண்டாக்குவதுண்டு. அவ்வாறு நேர்ந்தால் உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

பீற்றாஹிஸ்டின் மெனியர் நோய்க்கென வழங்கப்படுவது. தூக்கத்தையோ நடுக்கத்தையோ தருவது அரிது என்பதால் வைத்தியர்களும் நோயாளர்களும் இதனை விரும்புகின்றனர். ஆயினும் இதன் பயன் குறித்த சான்று உறுதியானதன்று. ஜேர்மனியில் 221 மெனியர் நோயாளர்களிடம் ஒன்பது மாதங்கள் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2016 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியாயிற்று. குறைந்த அளவு மருந்து பெற்றவர், கூடிய அளவு பெற்றவர், மருந்தற்ற வெற்றுக் குளிசை பெற்றவர் ஆகிய மூன்று சாராரிடமும் தாக்கங்கள் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தன. இந்நோய் காலப்போக்கில் தானாகவே தணியும் இயல்புடையது என்பதையே இது உணர்த்துகின்றது. அமெரிக்காவில் இம்மருந்துக்கு அங்கீகாரம் இல்லை. ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் பரவலாக வழங்கப்படுகின்றது. பலன் தெரிந்தால் தொடர்வதும், சில மாதங்களில் பலனில்லையெனில் நிறுத்துவது குறித்து வைத்தியரிடம் கேட்பதுமே அறிவுடைமை. ஆஸ்துமா, வயிற்றுப்புண் உடையோர் அதனை முன்கூட்டியே வைத்தியரிடம் தெரிவித்தல் வேண்டும்.

மெனியர் நோயாளர் உப்பைக் குறைக்குமாறும் பொதுவாக அறிவுறுத்தப்படுகின்றது. கருவாடும் ஊறுகாயும் அன்றாட உணவாகிவிட்ட நம் கரையோரத்தில் இது எளிதான காரியமன்று. எனினும் இரத்த அழுத்தத்துக்கும் நன்மை தரும் என்பதால் முயன்று பார்க்கத்தக்கது.

ஐந்து நிமிட வைத்தியம்

இனி, மிகப் பரவலானதெனக் கூறிய முதலாவது வகைக்கு வருவோம். குழாயினுள் விழுந்த துகளை எந்தக் குளிசையாலும் வெளியேற்ற முடியாது. சில வினாடிகளே நீடிக்கும் சுழற்சி, விழுங்கிய குளிசை இரத்தத்தில் கலக்குமுன் தானே அடங்கிவிடும். இதற்குரிய வைத்தியம் தலையைத் திருப்பும் ஒரு முறை. அமெரிக்க வைத்தியரான ஜோன் எப்லி அதனை வகுத்து 1992 இல் விரிவாக வெளியிட்டார். தொடக்கத்தில் சக வைத்தியர்கள் அவரை நம்பவில்லை. இன்று உலகெங்கும் முதற்சிகிச்சையாக அது ஏற்கப்பட்டுள்ளது.

நோயாளியைக் கட்டிலில் அமர்த்தி, பாதிக்கப்பட்ட காதின் பக்கமாகத் தலையைத் திருப்பி, தலை சற்றுக் கீழே தொங்குமாறு மல்லாக்கப் படுக்க வைப்பர். சுழற்சி அடங்கியதும் தலையை மறுபக்கம் திருப்புவர். பின்னர் உடலையும் அப்பக்கமே புரட்டி, முகம் நிலத்தை நோக்கும்படி வைத்து, இறுதியில் எழுந்து அமரச் செய்வர். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை நிறுத்துவர். துகள் தான் வந்த வழியே உருண்டு வெளியேறிவிடும். ஒன்று முதல் மூன்று தடவைகளில் பத்தில் எட்டுப் பேர் அளவில் குணமடைகின்றனர். செலவு ஏதுமில்லை. கழுத்தெலும்பு, முதுகெலும்பு நோயுள்ளோர் தாமாக முயலலாகாது. ஏனையோரும் முதலில் வைத்தியரிடமோ பயிற்சி பெற்ற இயன் மருத்துவரிடமோ செய்துகொள்வதே தகும். எந்தக் காது என்பதை அவர்களே சோதித்துக் கண்டறிய வேண்டும். இந்நோய்க்குத் தலைச்சுற்றுக் குளிசைகளை வழமையாகக் கொடுக்கலாகாது என்று அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை வைத்தியர்களின் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டி தெளிவாகவே கூறுகின்றது.

இது நம் மக்களின் வணக்க வாழ்வையும் தொட்டு நிற்கும் விடயமாகும். ருகூஃவிலும் சுஜூதிலும் தலை தாழ்கின்றது. கோவிலில் வீழ்ந்து வணங்கும்போதும் அவ்வாறே. இச்சுழற்சியை எழுப்பும் அசைவுகள் இவையே. சுஜூதில் உலகம் சுழல்வதற்கு அஞ்சி, பள்ளிவாசலில் கதிரையில் அமர்ந்தே ஆண்டுக்கணக்கில் தொழும் முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கத்தில் சலுகை உண்டு, அதில் குறையேதுமில்லை. ஆனால் ஐந்து நிமிட வைத்தியத்தால் அவரது நெற்றியை மீண்டும் தரையில் பதிக்கச் செய்ய முடியுமாயின், அதனை அவருக்குச் சொல்லாமல் விடுவது நம் குறையாகும். அதேபோல், நோன்பு காலத்தில் உடலில் நீர் குறைவதாலும் தலை கிறுகிறுக்கலாம். அதற்கு வேண்டியது ஸஹரிலும் இஃப்தாரின் பின்னரும் போதிய நீர். தொடர்ந்து மருந்தெடுப்போர் குளிசை வேளைகளை மாற்றுவது பற்றி நோன்புக்கு முன்னரே வைத்தியரிடம் பேசிக்கொள்ள வேண்டும்.

எப்போது விரைய வேண்டும்?

எல்லாத் தலைச்சுற்றும் காதிலிருந்து வருவதில்லை. எழுந்து நிற்கும்போது கண் இருளுவது பிரஷர் குளிசையின் விளைவாக இருக்கலாம். நீரிழிவு நோயாளிக்குச் சீனி குறைந்ததாகவும், பெண்களுக்கு இரத்தச் சோகையாகவும் இருக்கலாம். ஜென்ரமைசின் ஊசியும், காசநோய்க்கு முன்னர் வழங்கப்பட்ட ஸ்ரெப்ரோமைசின் ஊசியும் சமநிலை உறுப்பையே பாதிக்கக்கூடியன.

யாவற்றினும் அஞ்ச வேண்டியது மூளையின் பின்பகுதியில் ஏற்படும் பாரிசவாதம். தலைச்சுற்றோடு பேச்சுக் குழறுதல், இரட்டைப் பார்வை, முகம் கோணுதல், கை கால் சோர்தல் அல்லது மரத்தல், பிடிப்பின்றி நிற்கவே இயலாமை, கடும் தலைவலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் குளிசை கொடுத்துப் படுக்க வைப்பது பெரும் பிழை. தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். திடீரென ஒரு காது கேளாமற் போனாலும் அதே அவசரம் உண்டு.

செய்யத்தக்கவை

ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கப்படுவதால், இரு வைத்தியர்களிடம் காட்டிய ஒருவர் ஒரே குளிசையை இரு பெயர்களில் விழுங்குவதும் நேரலாம். மருந்துகளை மூலப்பெயரால் வழங்க வேண்டுமென வாதாடியவரும், 1971 இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முன்னோடியுமான பேராசிரியர் சேனக பிபிலே இந்நாட்டவர்தான். அவர் காட்டிய வழியில், நம் குளிசையின் மூலப்பெயரையும், அது எத்தனை நாட்களுக்கானது என்பதையும் கேட்டறிந்து சிட்டையில் குறித்துக்கொள்வது ஒவ்வொருவரதும் உரிமையாகும். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாட்டையும் விலையேற்றத்தையும் அனுபவித்த நமக்கு, தேவையற்ற குளிசைக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயின் பெறுமதியும் தெரியும்.

மருந்தக உரிமையாளர்கள் பழைய அட்டைக்குக் குளிசை வழங்குமுன் "எவ்வளவு காலமாக எடுக்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். சுகாதார அதிகாரிகள் வெளிநோயாளர் பிரிவுகளில் எப்லி முறை செய்யப்படுவதை உறுதிசெய்து, அதனைத் தமிழில் விளக்கும் படங்களைச் சுவர்களில் ஒட்டலாம். பள்ளிவாசல், கோவில் நிர்வாகங்கள் தத்தம் முதியோரை ஒன்றுகூட்டி வைத்தியர் ஒருவரை ஒரு மாலைப்பொழுது பேச அழைக்கலாம். வீட்டார் செய்ய வேண்டியது அதனினும் எளிது: முதியவரின் மருந்துப் பெட்டியை இன்றே திறந்து, அதிலுள்ள தலைச்சுற்றுக் குளிசை எப்போது, யாரால், எதற்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். விடை தெரியாவிடின், குளிசையைத் திடீரென நிறுத்திவிடாது, அதனைக் கையோடு எடுத்துக்கொண்டு அடுத்த கிளினிக் நாளிலேயே வைத்தியரிடம் காட்டுங்கள்.