ஒலியைக் காக்கும் இடம்

எழுத்து நின்று பேசும். ஒலியோ பிறந்த கணத்திலேயே மறையும். அதனைப் பிடித்து வைத்து மீண்டும் கேட்கச் செய்யும் கருவியை எடிசன் என்னும் அறிஞர் 1877-ஆம் ஆண்டில் அமைத்தார். பின்னர், கிரியர்சன் என்பார் தலைமையில் நிகழ்ந்த இந்திய மொழிகளின் அளவாய்வில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில், பல மொழிகளைப் பேசுவோரின் குரல்கள் இசைத்தட்டுகளில் பதிவு செய்யப்பெற்றன. அவற்றுள் தமிழும் உண்டு. பேசியவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகியும், அக்குரல்களை இன்று இணையத்தின் வாயிலாக நாம் கேட்கிறோம். தட்டுகளைப் பேணி வைத்தோரும், அவற்றைப் புதிய வடிவிற்குப் பெயர்த்தோரும் இருந்தமையே அதற்குக் காரணம்.

இக்காலத்தில் கைப்பேசி ஒன்றிருந்தால் எவரும் ஒலிப்பதிவு செய்யலாம். அங்ஙனம் பதிந்தவற்றைத் தொடராக இணையத்தில் வெளியிடுவதனை 'வலையொலி' என்பர். 'பாட்காஸ்ட்' என்னும் ஆங்கிலப் பெயர் 2004-ஆம் ஆண்டில் தோன்றியது. இதன் அமைப்பை மாணவர் தெளிவாக அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஒலிக்கோப்பு ஓரிடத்தில் கிடக்கும். அது பண்டசாலை போன்றது. இன்ன நாளில் இன்ன பகுதி வந்துள்ளது, அஃது இவ்விடத்தில் இருக்கிறது என்று கூறும் பட்டியல் ஒன்று உண்டு. அதனை 'ஓடை' என்பர். கேட்போர் கைப்பேசியிலுள்ள செயலி அவ்வோடையை அடிக்கடி பார்த்துப் புதிய பகுதியைக் கொணர்ந்து தரும். இது கடையின் முகப்பை ஒத்தது. பண்டசாலையும் முகப்பும் ஒன்றே என்று மயங்குவோர் பலர். கூகுள் நிறுவனம் தன் பாட்காஸ்ட் செயலியை 2024-ஆம் ஆண்டில் மூடியபொழுது, முகப்பு ஒன்று மறைந்ததேயன்றி, வேறிடத்துப் பண்டசாலைகளில் இருந்த ஒலிகள் அழிந்தில. தம் ஓடையின் முகவரியைத் தம் பொறுப்பில் வைத்திருந்தோர் மற்றொரு செயலியின் வழியே கேட்போரை எளிதில் அடைந்தனர்.

குழித்துறையைச் சூழ்ந்த பள்ளிகளுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை இருத்தல் வேண்டும். விளவங்கோடு வட்டம் 1956 நவம்பர் முதல் நாளன்று, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம் ஆகிய வட்டங்களோடு சேர்ந்து, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தினின்று பிரிந்து தமிழகத்தோடு இணைந்தது. நாஞ்சில் நாடு என்று பண்டு வழங்கியது பெரும்பாலும் தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகளையே. இந்நாளில் மாவட்டம் முழுமையையும் அப்பெயரால் சுட்டுவாரும் உளர். மலையாளம் கலந்த இவ்வட்டத்துப் பேச்சுத்தமிழ், தோவாளைப் பக்கத்துத் தமிழினும் வேறானது. தாமிரபரணியாற்றின் கரையில் ஆடி அமாவாசையில் நிகழும் வாவுபலியைப் பற்றியும், பனையேற்றுத் தொழிலைப் பற்றியும், வில்லுப்பாட்டைப் பற்றியும் முதியோர் தம் வாயால் கூறும் செய்திகளில் அச்சொற்கள் உயிரோடு உலவுகின்றன. அகராதியில் ஏறாதவை அவற்றுள் பல. பாட்டியாரிடம் கேட்டுப் பதிந்த ஒரு மாணவியின் பதிவே அச்சொல்லுக்கு எஞ்சிய ஒரே சான்றாகவும் ஆகலாம். ஆகவே, அதனை எங்கு வைப்பது என்பது சிறிய வினா அன்று.

விலையின்றிக் கிடைக்கிறது என்பதனால் மட்டும் ஓரிடத்தைத் தேர்தல் தகாது. விலையில்லாத் திட்டங்கள் சிலவற்றில், குறித்த நாள்கள் கழிந்தவுடன் ஒலி தானே நீக்கப்படும். வேறு சிலவற்றில், மாணவர் பேச்சுக்கு இடையே வணிக விளம்பரம் புகும். நிறுவனங்கள் கைம்மாறுவதும் உண்டு: 'ஆங்கர்' என்னும் சேவையை 2019-இல் ஸ்பாட்டிஃபை நிறுவனம் வாங்கிற்று, 2023-இல் அப்பெயரே மறைந்தது. எனவே, இடம் தேடுவோர் முதற்கண் கேட்க வேண்டுவன இரண்டு: பதிந்த கோப்பினை மூலவடிவில் திரும்பப் பெற இயலுமா? வேறிடத்திற்குக் குடிபெயரும்பொழுது, பழைய ஓடையின் முகவரிக்கு வருவோரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுவார்களா? இவ்விரண்டிற்கும் விடை இல்லையாயின், பிற வசதிகள் எத்துணை அழகியனவாயினும் அவ்விடத்தை நாடாமை நன்று.

சான் பிரான்சிஸ்கோவில் 1996-இல் தொடங்கிய 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' வணிக நோக்கற்ற ஓர் ஆவணக்களரி. கட்டணமின்றி ஒலியை ஏற்றலாம். மூலக்கோப்பினை மீளப் பெறலாம். ஆயினும், 2024 அக்டோபரில் வன்செயலாளர் தாக்குதலுக்கு உள்ளாகி அது பல நாள் செயலிழந்து கிடந்தது. விக்கிமீடியா காமன்ஸும் தக்கதோர் இடமே. அங்கே வைப்பது எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்னும் உரிமத்தோடு இருத்தல் வேண்டும். 'காஸ்டோபாட்' என்னும் திறமூல மென்பொருளால் பள்ளி தனக்கென ஒரு நிலையம் அமைத்துக்கொள்ளலாமெனினும், அதனை நாளும் பேணத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் மாற்றலாகிச் சென்றால் நிலையம் பாழாகும்.

இவற்றுள் எதனைக் கொண்டாலும் ஒன்றை மட்டும் நம்புதல் கூடாது. ஏடு ஒன்றே இருந்தவிடத்து அதனைக் கரையான் அரித்தது. பெயர்த்தெழுதிய படிகள் பல இருந்தவிடத்து நூல் பிழைத்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரியுண்டபொழுது ஒற்றைப் படியாக இருந்த சுவடிகள் அதனோடு அழிந்தன. ஈழத்துத் தமிழ் ஆவணங்களைக் காக்க 2005-இல் தோன்றிய 'நூலகம்' என்னும் எண்ணிமத் திட்டம், நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வருகிறது.

படி வைத்துக்கொள்ளப் பெரும்பொருள் வேண்டுமோ எனின், கணக்கிட்டுப் பார்ப்போம். பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட் அளவு போதும். அதாவது 8 கிலோபைட். 20 நிமிடத்திற்கு 1,200 நொடி. ஆகவே 9,600 கிலோபைட், அல்லது ஏறத்தாழ 10 மெகாபைட். வாரம் ஒன்றாக 30 வாரம் வெளியிட்டால் 300 மெகாபைட்டினும் குறைவே. சுருக்கப்படாத மூலப்பதிவு பத்து மடங்கிற்குமேல் ஆகும். எனினும் 30 பகுதிகளும் சேர்ந்து ஏறத்தாழ 3 கிகாபைட்டே. இரண்டு சிறிய நினைவகக் குச்சிகளில் இவை அடங்கும். ஒன்று நூலகத்து அலமாரியிலும், மற்றொன்று வேறு கட்டடத்திலும் இருக்கட்டும்.

இனி, குரலும் ஒருவருடைய உடைமையே. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதோரைச் சிறார் என வகுத்து, அவர்தம் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. ஆதலின், மாணவர் தம் முழுப்பெயர், இல்ல முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை ஒலியில் கூறலாகாது. நேர்காணப்படும் முதியோரிடமும், இவ்வொலி உலகெங்கும் கேட்கும் என்பதை விளங்கச் சொல்லி இசைவு பெறல் வேண்டும். ஒருமுறை வெளியிட்டதைப் பிறர் படியெடுத்துக்கொண்டால் மீட்டல் அரிது. வகுப்பினர் மட்டும் கேட்டற்குரியதாயின், இணையத்தில் ஏற்றாது நூலகக் கணினியிலேயே வைத்தல் சாலச் சிறந்தது.

கணக்கைத் தொடங்குங்கால் ஆசிரியர் ஒருவரின் சொந்த எண்ணைக் கொடாது, பள்ளியின் மின்னஞ்சலைக் கொடுத்து, கடவுச்சொல்லைத் தலைமையாசிரியர் பொறுப்பில் எழுதி வைத்தல் வேண்டும். பின்னணி இசை வேண்டா. அது முதியோர் சொல்லை மறைக்கும், உரிமைச் சிக்கலையும் விளைக்கும். ஒவ்வொரு பதிவோடும் பேசியவர் ஊர், பதிந்த நாள், பேச்சின் எழுத்துவடிவம், வட்டார வழக்குச் சொற்களின் பொருள் ஆகியவற்றைத் தாளில் எழுதி நூலகத்தில் கோத்து வைக்கலாம். காது கேளாத மாணவரும் அதனைப் படிப்பர்; ஒலியைத் திறக்கும் கருவி மாறிய காலத்தும் அத்தாளைப் படிக்கக் கருவி எதுவும் வேண்டுவதில்லை.